அப்பா உட்கார ஓர் இடம்: மதுரையைச் சுற்றி மூன்று கோயில்கள்

அக்காவுக்குக் கல்யாணம். எந்தக் கோயிலில் என்பது மட்டும் முடிவாகாமல் இருந்தது. மதுரைக்குள் எங்கள் பங்குக் கோயில், வாடிப்பட்டிக்கு அருகே அம்மா பிறந்த ஊர்க் கோயில், உசிலம்பட்டிக்கு அருகே மாப்பிள்ளை வீட்டாரின் கோயில் என்று மூன்று வாய்ப்புகள். வரும் ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கத் தொடங்குவதற்குள் பங்குச் சாமியாரிடம் இடத்தைச் சொல்லியாக வேண்டும். எனவே காலாண்டு விடுமுறையின் முதல் சனிக்கிழமை அப்பா, அக்கா, நான் மூவரும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். நாள் வாடகை, டீசலோடு சேர்த்து 2,400 ரூபாய். பத்திரிகை அடிக்கும்வரை கோயில் பெயர்களை எழுதக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கத்தோலிக்கக் கோயில் ஒன்றை முதல்முறை பார்க்கப் போகிறவர்கள் எதை எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தப் பதிவு சொல்லும்.

நாங்கள் தேடியது அழகான கோயிலை அல்ல. அப்பா சமயநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். இயந்திரச் சத்தத்தில் காது பெரும்பாலும் போய்விட்டது. கருவி மாட்டினாலும் கோயில் ஒலிபெருக்கியில் வருவது அவருக்கு வெறும் இரைச்சல். போன வருடம் பெரியப்பா மகன் கல்யாணத்தில் மணமக்கள் வாக்குறுதி சொன்னபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "வீடியோவுல பாத்துக்கிறேன்" என்று சிரித்தார். அன்றைக்கே அக்கா என்னிடம் சொல்லிவிட்டாள்: "நான் சொல்றது அப்பாவுக்கு நேர்ல போய்ச் சேரணும்டி. வீடியோவுல இல்ல."

எட்டேகாலுக்கு எங்கள் பங்குக் கோயில். வாசலில் இரட்டை மணிக்கூண்டு. உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள் கோயிலை நீளவாக்கில் மூன்றாகப் பிரிக்கின்றன. நடுவே அகலமான நடுக்கூடம், இருபுறமும் ஒடுங்கிய பக்கக்கூடங்கள். ஜன்னல்களும் வளைவுகளும் மேலே கூர்மையாக முடிகின்றன. கண்ணைத் தானாகவே மேலே இழுப்பதற்காக இப்படிக் கட்டுவார்கள். வாசல் பக்கம் திரும்பி அண்ணாந்து பார்த்தால் பாடகர் மாடம் தெரியும். அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறவர்கள் அதிகம்.

இவ்வளவு உயரமான வளைகூரை எதிரொலிக்கும் என்று படித்திருந்தேன். சோதிக்க ஒருமுறை கைதட்டினேன். ஓசை அடங்க வெகுநேரமானது. எங்களோடு உள்ளே வந்திருந்த டிரைவர் அண்ணன் கேட்டார்: "தங்கச்சி, நீ கோயில் பாக்க வந்தியா, வெலைக்கு வாங்க வந்தியா?"

அக்கா மணப்பெண் நிற்கும் இடத்தில், சாமியார் பூசை வைக்கும் பீடத்தைப் பார்த்து நின்று ஏதோ பேசினாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா உதட்டைப் பிதுக்கினார். "ங்ஙொய்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தேன்."

அடுத்து வாடிப்பட்டி, 25 கிலோமீட்டர். பிரதான சாலையிலிருந்து பிரிந்து தென்னந்தோப்புகளுக்கு நடுவே போக வேண்டும். சிறிய கோயில், மர உத்திரத்தின் மேல் ஓடு வேய்ந்த கூரை. பெஞ்சு கிடையாது, பாய்தான். இங்கே கவனிக்க வேண்டியது பீடம். சுவரோடு ஒட்டி, புனிதர் சிலைகளுக்கு மாடங்கள் வைத்த பழைய மரப்பீடம் ஒன்று. அதற்கு முன்னால் தனியாக ஒரு கல்மேசை. முன்பெல்லாம் சாமியாரும் மக்களைப் போலவே பீடத்தைப் பார்த்து நின்றுதான் பூசை வைப்பார். பிற்காலத்தில் அவர் மக்களை நோக்கித் திரும்பியபோது புதிய மேசை தேவைப்பட்டது. ஒரு பழைய கோயிலில் இரண்டு பீடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கைதட்டினேன். எதிரொலியே இல்லை. இந்தக் கோயில்தான் என்று அக்காவிடம் அடித்துச் சொன்னேன். அக்கா பேசினாள். அப்பா பாயில் சம்மணமிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இங்கிட்டும் அதே கததேன். விடு தாயி, கல்யாணம் நல்லா நடந்தாப் போதும்."

சோழவந்தான், விக்கிரமங்கலம் வழியாக உசிலம்பட்டி போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியில் சாப்பிடலாம் என்று டிரைவர் அண்ணன் சொன்னதை நான்தான் கேட்கவில்லை. அது என் தவறு. நீங்கள் சோழவந்தானிலேயே சாப்பிட்டுவிடுங்கள்.

மூன்றாவது கோயில் நான் படித்த எதிலும் சேராது. சமீபத்தில் கட்டிய கான்கிரீட் கட்டடம், வெள்ளைச் சுண்ணாம்பு, அலுமினிய ஜன்னல், பளபளக்கும் தரை. மேலே இருந்து பார்த்தால் சிலுவை வடிவம். நீண்ட கூடம் சிலுவையின் உடல், பக்கவாட்டில் நீளும் இரண்டு பகுதிகள் அதன் கைகள். கைகள் சேரும் இடத்தில் பீடம் முன்னுக்குத் தள்ளி இருந்தது. கைதட்டிப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.

மணி ஒன்றரை. அப்பா வெயில் தாங்காமல் சிலுவையின் இடது கைப் பகுதியில் ஓடிக்கொண்டிருந்த ஒரே மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். பீடத்தின் முன் நின்ற அக்கா, அதைப் பார்த்தபடியே என்னிடம் முணுமுணுத்தாள்: "பசி உசுரு போகுதுடி."

"எனக்குந்தேன்" என்றார் அப்பா, அங்கிருந்தே. "பரோட்டா கெடைக்குமா பாரு."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டிருந்தது.

ஆலை இரைச்சலில் அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிப்பார்கள். வீட்டிலும் அப்பா அப்படித்தான். எங்களுக்கு அது பழகிப்போனதால் யாரும் அதை நினைக்கவே இல்லை. முதல் இரண்டு கோயில்களும் நேர் மண்டபங்கள். முன்வரிசையில் உட்கார்ந்தாலும் மணப்பெண்ணின் முதுகுதான் தெரியும். காலையிலிருந்து நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலுவையின் கையில் உட்கார்ந்தவருக்கோ பக்கவாட்டில் அவள் முகம் தெரிகிறது.

"அப்பா, நான் பேசுறது தெரியுதா?" அக்கா குரலே எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"தெரியுது."

பிறகு அவள் பீடத்தைப் பார்த்து, கல்யாண வாக்குறுதியை மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு வரி தாண்டவில்லை, அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"போதும் தாயி. மிச்சத்த அன்னைக்குச் சொல்லு. சும்மா வந்த எடத்துல என்னைய அழுக வைக்காத."

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் போங்கள், கோயில் காலியாக இருக்கும். செருப்பை வாசலில் விடுங்கள். பீடம் இருக்கும் மேடையில் ஏறாதீர்கள். அருகே சிவப்பு விளக்கு எரிந்தால் பேழைக்குள் நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், இருக்கிறது என்று அர்த்தம், பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்குமுன் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். முன்னால், கடைசியில், பக்கக்கூடத்தில், சிலுவையின் கையில் என்று மாறி மாறி உட்காருங்கள். எங்கே உட்கார்ந்தவருக்கு என்ன தெரியும், எது மறையும் என்பதையும் சேர்த்துத்தான் ஒரு கோயிலைக் கட்டுகிறார்கள்.

வீடு திரும்பும்போது மணி ஐந்து. மாப்பிள்ளை ஊர்க் கோயில், அப்பாவுக்குப் பக்கவாட்டில் இடம் என்றதும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொண்ணப் பெத்தவரு ஓரமா உக்காந்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாக?" என்று அரை மணி நேரம் கோபமாக இருந்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள். அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "அந்த விசிறிக்குக் கீழ ரெண்டு பேரு உக்காரலாமா?"