மேற்கு என்று குறித்த என் பிள்ளைகள்

காப்பியடித்த வகுப்பு என்று என் பிள்ளைகளுக்குப் பெயர் வந்துவிட்டது. காப்பியடிக்க விட்டவள் நான் என்று எனக்குப் பெயர். போன மாசி மாதம் நடந்த இதை, அரங்கனை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. குடியிருப்பது தில்லை நகர். பிறந்தது துறையூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில். மாநிலம் முழுவதும் ஒரே வினாத்தாளை வைத்து நடத்தும் அடைவுத் தேர்வில் எங்கள் பள்ளிக்கு எப்போதும் கடைசி வரிசைதான். இந்த முறை என் வகுப்பு வட்டாரத்திலேயே முன்னுக்கு வந்தது. சனிக்கிழமைகளையெல்லாம் விட்டுக்கொடுத்து நானும் பிள்ளைகளும் பாடுபட்டோம். ஆனால் யார் நம்புவார்கள்? வேறு பள்ளியில் இப்படி நடந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். பால் கெட்டியாக இருந்தால்கூட எதைக் கலந்தார்களோ என்று மோந்து பார்ப்பேன்.

விடைத்தாள்களை அலசியவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். திசை பற்றிய ஒரு கேள்வி. ஒருவர் கோயிலில் கும்பிட்டுவிட்டு ராஜகோபுரம் வழியாக நேரே வெளியே வருகிறார், வலப்பக்கம் திரும்பினால் எந்தத் திசையைப் பார்ப்பார் என்பது கேள்வி. தெற்கு என்பது அவர்கள் வைத்திருந்த விடை. என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் மேற்கு என்று குறித்திருந்தார்கள். எல்லோரும் சரியாக எழுதினால் படித்தார்கள் என்று விடலாம். எல்லோரும் ஒரே தவறை எழுதினால்? யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரணை வந்துவிட்டது. மொத்த வகுப்பின் தேர்வையும் ரத்து செய்துவிட்டு என் மேல் நடவடிக்கை எடுப்பார்கள் என்றார்கள்.

தலைமை ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டீச்சர், நமக்குள்ளதானே. உண்மையச் சொல்லிடுங்க, நான் பேசிப் பார்க்கறேன்."

"சார், நான் அன்னிக்கு அந்த ரூம் பக்கமே போகலைங்க. வெளி ஸ்கூல் டீச்சர்தானே சூப்பர்விஷன் பார்த்தாங்க?"

"அப்ப எப்படிங்க எல்லாருக்கும் ஒரே தப்பு வரும்?"

அன்றிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுவிடும். நானும் சும்மா இருக்கவில்லை. கண்காணிப்புக்கு வந்த அந்த டீச்சர் மேல் சந்தேகப்பட்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் மேல் சந்தேகப்பட்டேன். கடைசியில் என் பிள்ளைகள் மேலேயே சந்தேகப்பட்டேன். வகுப்பில் முதலாக வரும் நித்யாவை நிறுத்தி வைத்து மிரட்டினேன். "யாருடி சொன்னது? மறைக்காத."

"யாரும் சொல்லலை டீச்சர். நானாத்தான் போட்டேன்" என்று அழுதாள். அந்த அழுகையையும் நான் நம்பவில்லை. யார் சொன்னது என்று கேட்டேனே தவிர, ஏன் மேற்கு என்று போட்டாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் பள்ளி விட்டதும் கோயிலுக்குப் போனேன். பயத்தோடுதான் போனேன். ரங்கநாதர் முன்னால் நின்றபோது பயம் போய்க் கோபம் வந்தது. இவர் நிஜமாகவே தூங்குகிறாரா, என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாரா என்றுகூட நினைத்தேன். பிறகு உடைந்து அழுதேன். "என் வேலை போனாலும் போகட்டும். இந்தப் பிள்ளைகள் பொய் சொல்கிறார்களா இல்லையா, அதை மட்டும் எனக்குக் காட்டு அரங்கா" என்று வேண்டினேன். ஒரு பதிலும் வரவில்லை. இவரும் கைவிட்டுவிட்டார் என்று நினைத்து வெளியே நடந்தேன்.

ராஜகோபுரம் தாண்டியதும் பழம் வாங்கலாம் என்று வலப்பக்கம் திரும்பினேன். மாலை வெயில் நேரே கண்ணில் அடித்தது. கையால் மறைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மாலையில் சூரியன் கண்ணுக்கு நேரே இருந்தால் அது மேற்கு அல்லவா! நம் பெருமாள் தெற்கு பார்த்துப் பள்ளிகொண்டவர். ராஜகோபுரமும் தெற்கே. கேள்வி எழுதியவர் மனத்தில் இருந்தது கிழக்கு பார்த்த கோயில். எங்கள் ஊர்க் கோயிலும் கிழக்கு பார்த்ததுதான், அதனால் எனக்கும் தெற்கு சரியென்றே பட்டது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் என்றால் இந்த ஒரு கோயில்தான். நடுத்தெருவில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

மறுநாள் வந்த அதிகாரி நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "நல்லா ஜோடிச்சிருக்கீங்க டீச்சர்."

"என்னை நம்ப வேணாம் சார். பிள்ளைங்களைத் தனித்தனியா கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன்.

நித்யா வந்தாள். "ராஜகோபுரத்துல வெளிய வந்து வலது கைப் பக்கம் திரும்பினா மேலூர் போற பக்கம் சார். அது மேற்குதானே?" அதிகாரியின் முகம் மாறவில்லை. நீங்கள் நேற்றே சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று என்னிடம் கேட்டார். பிறகு அவரே விடைத்தாள்களைப் புரட்டி, வடக்கு என்று குறித்திருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் திருவானைக்காவலிலிருந்து வருகிறவர்கள். "எங்க கோயில் வாசல் மேற்க பார்த்து இருக்கு சார். வெளிய வந்து வலது பக்கம் திரும்பினா வடக்குங்க" என்றான் ஒருவன். அந்த இரண்டு பேரை நான் யோசித்தே பார்க்கவில்லை. அரங்கனோடு திருவானைக்காவல் அகிலாண்டேஸ்வரியும் வந்து சாட்சி சொன்னதாகவே எனக்குப் பட்டது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "எங்க ஊர்க் கோயிலும் கிழக்கு பார்த்துதாம்மா" என்றார். குரலில் பழைய முறுக்கு இல்லை.

முறைகேடு இல்லை என்று முடிவானது. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மதிப்பெண் தரவில்லை, அது போகட்டும். நித்யாவிடம் வகுப்பின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். இப்போது ஒரு பிள்ளை தவறாக எழுதினால், ஏன் இப்படி எழுதினாய் என்றுதான் முதலில் கேட்கிறேன். எத்தனை தவறுகளுக்குப் பின்னால் நேர்மையான காரணம் இருக்கிறது தெரியுமா? பாலை இன்னும் மோந்துதான் பார்க்கிறேன், அதைப் பெருமாள் பொறுத்துக்கொள்வார்.

உங்கள் மேல் வீண்பழி விழுந்திருக்கிறதா? அவரிடம் போய் அழுங்கள், சண்டைகூடப் போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். சந்நிதியில் பதில் வரவில்லையே என்று மட்டும் மனம் வெறுத்துவிடாதீர்கள். எனக்கு அவர் பதில் சொன்னது, அவரை நம்பாமல் நான் வெளியே வந்த பிறகுதான்.