தூசி பிடிக்கிற உத்தியோகம்

மரம் வளர்க்கிற தொழில்ல ஆடு மாட்டுக்குக்கூடப் பயப்பட வேண்டியதில்ல, ஒரு கம்பி வலையில அடங்கிரும்; குடியிருக்கிற சனத்துக்கு வலை போட முடியாது பாருங்க, அங்கதான் பொழப்பு நாறுது. வாசல்ல ஒரு முருங்கையை வச்சுட்டு அக்கம்பக்கத்துல வாங்கிக் கட்டிக்கிட்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

வேலை வந்த கதை

விளாங்குடியில திண்டுக்கல் ரோட்டை ஒட்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. லாரியும் பஸ்சும் கக்குற புகை, கிளப்புற புழுதி அம்புட்டும் நேரா வீட்டுக்குள்ளதான். ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருந்த காலி இடத்துல மரம் வளர்த்துக் குடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. ரோட்டோரமா அடர்த்தியா அரளி வச்சேன். அதுக்குப் பின்னால புங்கையும் வேம்பும்.

கீழ்த்தளத்துல ரோட்டைப் பார்த்த வீடு செல்வராணியோடது. சொந்த ஊரு எழுமலை, தையல் வேலை. அதுக்கு வீசிங். வருசம் பூரா ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருமிக்கிட்டே ஜாக்கெட் தைக்கும். நான் முதல் குழி வெட்டுற அன்னைக்கே பக்கத்துல வந்து நின்னுச்சு. "அண்ணே, இது வளந்துச்சுன்னா நான் ஜன்னலைத் திறப்பேன். இல்லன்னா வாடிக்கை எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கே போயிற வேண்டியதுதான். டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு."

துடைக்காத மரம்

மரம் நல்லா எந்திரிச்சிருச்சு. ஒரு நாள் மூணாம் மாடி அம்மா போன் போட்டு உடனே வாங்கன்னாங்க. பூச்சி கீச்சி விழுந்துருச்சோன்னு பதறியடிச்சு ஓடுனேன். அவங்க அரளி இலையில விரலை வச்சு ஒரு இழு இழுத்து, என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க. விரல் கன்னங்கரேல்னு இருக்கு.

"இந்தத் தூசி உங்க வீட்டுக்குள்ள வராம இலையில நிக்குதும்மா. அதுக்குத்தான மரமே? ஒரு மழை பெஞ்சா கழுவிரும்"னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க, விரலைச் சுவத்துல துடைச்சாங்க. "அதெல்லாம் சரிப்பா, நடும்போது பளபளன்னுதான குடுத்த? அதே மாதிரி துடைச்சுக் குடுத்துட்டுப் போ!"

அம்மனுக்குப் போக மிச்சம்

ஆடி மாசம் வந்தா வேம்புக்குக் கேடுகாலம். தோரணத்துக்கு வேப்பிலை, காப்புக்கு வேப்பிலை, கூழ்ப்பானைக்கு வேப்பிலை. ரெண்டு கொத்து ஒடிச்சா யாரு என்ன சொல்லப்போறா? இவங்க ஏணி போட்டுல்ல உருவுறாங்க! நான் போய்ப் பார்த்தப்ப வேம்பு வரிசை பூரா மொட்டையா நின்னுச்சு. இலையே இல்லாத மரம் எந்தத் தூசியைப் பிடிக்கும், சொல்லுங்க. செல்வராணிக்கு மறுபடியும் இருமல்.

முதல் மாடி முருகேசன் ஏணியில நிக்கும்போதே பிடிச்சிட்டேன். கையில ஒரு கட்டு வேப்பிலை, மூஞ்சியில துளி வெக்கம் கிடையாது. "கோவிச்சுக்காத மாப்ள, உச்சியில ஒரு கொப்பு உனக்காகத்தான் விட்டு வச்சிருக்கேன்!"

விடியக்காலை யாகம்

குடியிருப்புச் சங்கச் செயலாளர் சுந்தரேசன் சார் ரிட்டயர்டு ஆபீசர். சுத்தம்னா உசுரு. விடிஞ்சதும் சருகைக் கூட்டி, மரத்தடியிலயே குவிச்சு, தீ வச்சிருவாரு. ரோட்டுப் புகையைத் தடுக்க நட்ட மரத்துக்கு இந்தப் பக்கமா நின்னுக்கிட்டு! அந்தப் புகை நேரா செல்வராணி வீட்டுக்குள்ள போயிரும். ஒரு நாள் மூச்சு விட முடியாம திணறுன பொண்ணை ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

கோவத்தை அடக்கிக்கிட்டு ஓரமா ஒரு குழி வெட்டி, "சருகை இதுல போடுங்க சார், மக்கி உரமாயிரும்"னேன். மனுசன் குழியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. "நானும் பாத்துக்கிட்டுத்தாம்ப்பா இருக்கேன், மரம் வந்த பிறகுதான் இங்க புகையே ஜாஸ்தி. பேசாம வெட்டிட்டு கார் நிறுத்துற இடமாக்கிருவோம்!"

ஒரே ஒரு மரம்

ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டாங்க. மரத்தை வெட்டிட்டு கார் நிறுத்தலாமான்னு கேட்டதும் கை எல்லாம் சடசடன்னு மேல போகுது. செல்வராணி பக்கத்துல இருந்த அம்மாகிட்ட, தைக்கக் குடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கங்கன்னு சொல்லுச்சு. ஊருக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டது எனக்குத் தெரிஞ்சு போச்சு. சரி, கடைசியா ஒரு குசும்பு பண்ணிப் பாப்போம்னு மரத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு வாளியோட எந்திரிச்சேன்.

"வெட்டுற மரத்துக்கு இப்பவே அடையாளம் போட்டுர்றேன் சார். எதையாச்சும் விடணும்னா மட்டும் சொல்லுங்க."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கிட்டு, "என் கார் நிக்கிற புங்கை மட்டும் இருக்கட்டும். புது வண்டி, வெயில் தாங்காது"ன்னாரு. அம்புட்டுத்தான், பத்திக்கிருச்சு. உங்க காரு காரு, எங்க காரு தகரமான்னு ஒருத்தர் அடுத்த புங்கையைப் பிடிச்சாரு. துணிக்கொடி கட்டுன வேம்பு வரிசையைத் தொடக்கூடாதுன்னு ஒரு அம்மா. என் ஸ்கூட்டி நிழலுக்கு எங்க போகும்னு இன்னொண்ணு. அரளியை எடுத்தா ரோட்டுல போறவன் பூரா நம்ம வீட்டுக்குள்ள எட்டிப் பாப்பான்னு அத்தனை பேரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. நானும் வாளியைத் தூக்கிக்கிட்டு மரம் மரமாச் சுத்துறேன், சுண்ணாம்பு வைக்க ஒரு மரம் கிடைக்கல. போற போக்குல, "புது வண்டி பக்கத்துல தீ வைக்கலாமா சார்?"னு செயலாளர் காதுல போட்டேன். மறுநாள்ல இருந்து சருகு பூரா குழிக்குள்ள.

சருகு முதமுதல்ல குழிக்குள்ள விழுந்த அன்னைக்குச் சாயங்காலம் செல்வராணி வீட்டுல படார்னு சத்தம். துருப்பிடிச்ச கொண்டியைத் தட்டித் தட்டி ஜன்னலைத் திறந்திருக்கு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அதுவோ ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வாயப் பொத்திச் சிரிக்குது. "நான் மூச்சு முட்டிக் கிடந்தப்ப ஒருத்தருக்கும் மனசு இளகல, காருக்கு வெயில் அடிக்கும்னதும் எம்புட்டுப் பாசம் பாத்தீகளாண்ணே!"

இப்பல்லாம் எந்தக் குடியிருப்புக்கு மரம் நடப் போனாலும் காத்து சுத்தமாகும்னு நான் வாயே திறக்கிறதில்ல, கார் எந்தப் பக்கம் நிக்கும்னு மட்டும்தான் கேக்குறது.