சேலையோடு வரும் கேள்வி

சேலை மூட்டையை அவிழ்க்காமலே, அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பெருமாள்சாமி உரலுக்குள் எட்டிப் பார்க்கிறார். இடைசெவலில் ஒரு வீட்டு முற்றம். சேலை பார்க்க வந்த பெண்கள் நாலைந்து பேர் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

“ஏந்தாயீ, இடிச்சு முடிச்ச உரல்ல ரெண்டு கம்பு மணி கெடக்கே. மறந்துட்டீகளா, போட்டு வச்சிருக்கீகளா?”

“வெறும் உரலா விடப்படாதுல்லா.”

“விட்டா?”

“விடமாட்டோம்.”

“விட்டுட்டீகன்னு வையுங்க. முதல்ல யாரு, என்ன சொல்லுவாக?”

“எங்க அத்தை சொல்லுவா, சேலைக்காரரு வந்தாரு, உரலு வெறும் உரலாப் போச்சுன்னு.”

முற்றமே சிரிக்கிறது. பெருமாள்சாமிக்கு அது போதும். பதில் கிடைத்த குஷியில் மூட்டையை அவிழ்த்து, கைவசம் உள்ளதிலேயே நல்ல சேலையை முதலில் விரித்துவிடுவார். கடைசியில் காட்டவேண்டியதை முதலில் காட்டுகிற யாவாரி, கோவில்பட்டி வட்டாரத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

ஐம்பதை நெருங்குகிறார். கம்பந்தட்டை மாதிரி உடம்பு. அதன் உச்சியில் கதிர் மாதிரி அடர்த்தியான முடி. கோடையில் சைக்கிள் அவரைச் சுமக்கும். மழை பெய்து கரிசல் மண் மட்கார்டில் அப்பிக்கொண்டால் அவர் சைக்கிளைச் சுமப்பார். அந்தக் கோலத்திலும், எதிரே வருகிறவர் எந்தக் காலை முதலில் வைத்து வாய்க்காலைத் தாண்டுகிறார் என்று நின்று பார்ப்பார்.

இந்த வியாதி அவருக்கு சைக்கிள் கேரியர் வழியாக வந்தது.

முதல் பொதுத் தேர்தல் முடிந்த சமயம், தடித்த கண்ணாடி போட்ட ஓர் ஆராய்ச்சிக்காரர் வடக்கேயிருந்து வந்தார். ஜனங்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிப் படிக்கிறவராம். கிராமங்களுக்குப் போக வழிகாட்டி வேண்டுமென்று பெருமாள்சாமியைப் பிடித்தார். கேரியரில் மூட்டை இருந்த இடத்தில் அவர். மூட்டை அவர் மடியில். அவருக்கு எதைப் பார்த்தாலும் ஆதிகாலத்து மிச்சம். பெருமாள்சாமியும் வீடுவீடாக அதையே சொல்லிக்கொண்டு போனார். “நீங்க குலவை போடுதீகளே, அது மனுசன் காட்டுல திரிஞ்ச காலத்து மிச்சம் தாயீ.” குளத்தூரில் ஒருத்தி, “அப்ப நாங்க காட்டு மனுசங்களா? எடும் ஓய் மூட்டைய” என்று விளக்குமாற்றை எடுத்தாள்.

ரெண்டாவது தேர்தல் சமயம் வந்தவர் ஒல்லி. சைக்கிள் மிதிக்கச் சுகம். அவர் முந்தியவரை ஒத்துக்கொள்ளவில்லை. பழசு, புதுசு என்பதெல்லாம் கிடக்கட்டும், ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு பிரயோசனம் உண்டு, அதைக் கண்டுபிடி என்றார். பெருமாள்சாமி கண்டுபிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “மாமியா மருமக சண்டைகூடச் சும்மா இல்ல வேலுத்தாயீ. உத்தரம் தூணை அமுக்குறாப்புல. அந்த அமுக்குலதான் வீடு நிக்குது.”

“அப்படியா, அப்ப இன்னைக்கு ஒங்க ஆத்தாள நாலு வார்த்தை நான் வையுதேன். வீடு நல்லா நிக்கட்டும்” என்றாள் அவர் மனைவி.

போன வருஷம் வந்தவர் ஓர் அம்மாள். கேரியரில் ஏற மாட்டேன் என்று நடந்தே வந்தார். வேலுத்தாய்க்குப் பிடித்த ஒரே ஆராய்ச்சி அதுதான். அந்த அம்மாள் பெண்களோடு நிரை பிடித்துப் பருத்தி எடுத்தார். கம்மங்கஞ்சியை மேலெல்லாம் சிந்திக் குடித்து எல்லோரையும் சிரிக்கவைத்தார். எங்கே பிறந்தது, என்ன பிரயோசனம் என்பதெல்லாம் அப்புறம்; செய்யாவிட்டால் அவர்கள் மனசுக்கு எப்படி இருக்கும், யார் என்ன சொல்வார்கள் என்று பாருங்கள் என்றார். மூன்று பேரும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன மூன்று கொள்கையும் பெருமாள்சாமியின் தலைக்குள் ஒரே வீட்டு ஓரகத்திகளாகக் குடியிருக்கின்றன.

ஊருக்கு இது வேடிக்கை. வேலுத்தாய்க்கு வயிற்றெரிச்சல். மகள் செண்பகவல்லிக்கு இருபத்திமூன்று. வந்த ரெண்டு சம்பந்தமும் அப்பன் வாயால் போயின. ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன் சாப்பிட உட்கார்ந்ததும் இலையை ஒரு சுற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டார். “திருப்பாட்டா ஒங்களுக்கு எப்படி இருக்கும்?” என்று இவர் கேட்டுவிட்டார். “சோத்தைப் போட்டு விசாரணை வைக்கியளா” என்று அவர் எழுந்தே விட்டார். இன்னொன்றும் இதே ரகம்.

இந்தப் பங்குனியில் மூன்றாவது இடம் வந்தது. விளாத்திகுளத்துக்காரர்கள். பையன் மாயகிருஷ்ணனுக்குப் பஞ்சுப் பேட்டையில் பிட்டர் வேலை. பெண்ணும் பையனும் செண்பகவல்லி அம்மன் தேரோட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததில் பிடித்திருந்தது. “இதும் போச்சுன்னா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்” என்றாள் வேலுத்தாய். சொன்னதோடு விடவில்லை. அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள் என்று தெரிந்ததும், கை கொள்ளுமட்டும் வெற்றிலையைப் புகையிலையோடு மடித்துப் புருஷன் வாயில் திணித்தாள். வருகிறவர்கள் முன்னால் துப்ப முடியாது. விழுங்கினால் தலை சுற்றும். பேசவோ, வழியே கிடையாது.

பையனின் அம்மா வெயிலுகந்தம்மாள் வந்ததும் வராததுமாக, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் செம்போடு வாசலுக்குத் திரும்பிப் போனாள். நிலைக்கு வலப்பக்கம் மூன்று சொட்டு விட்டாள். இடப்பக்கம் மூன்று சொட்டு. தன் கால் பெருவிரலில் ஒன்று. மிச்சத்தை முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்தாள்.

பெருமாள்சாமியின் காது சிவந்தது. தண்ணியில்லாக் காட்டிலிருந்து வந்து குடியேறினவர்களின் மிச்சமா? நிலைச்சட்டத்தைச் செல்லு அரிக்காமலிருக்கவா? தண்ணீர் விடாமலே உட்கார்ந்திருந்தால் இந்த அம்மாளுக்கு மனசு எப்படிக் கிடந்து அடித்துக்கொள்ளும்? ஓரகத்திகள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவர் ரெண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். கேசரி வந்தது, காப்பி வந்தது, செண்பகவல்லி வந்து கும்பிட்டுப் போனாள். அவர் கூரையையே பார்த்தார்.

வெயிலுகந்தம்மாளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. கடைசியில் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். “அப்ப நாங்க வாரோம் மதினி. அண்ணாச்சிக்கு இஷ்டமில்லன்னு தெரியுது.”

வேலுத்தாய் குறுக்கே வந்து நின்றாள். “அவிய ஒரு வார்த்தகூடப் பேசலையே.”

“அதத்தான் சொல்லுதேன். நாலு ஊர்லயும் அண்ணாச்சி பேச்சுதான். எங்கன போனாலும் அந்த வீட்டைப் பத்தி ஆசையாசையாக் கேப்பாகன்னாக. சரி, நம்மகிட்டயும் கேக்கட்டும்னு பஸ்சுல வரும்போதே யோசிச்சு, வாசல்ல தண்ணிய விட்டேன். எங்க பரம்பரையில அப்படி ஒரு வழக்கமே கெடையாது. மனுசன் ஏறிட்டுப் பாக்கல. மனசு ஒட்டாத வீட்டைப் பத்தித்தான் மதினி ஒண்ணும் கேக்கத் தோணாது.”

கதவுக்குப் பின்னால் செண்பகவல்லி சிரித்துவிட்டாள். மாயகிருஷ்ணன் சத்தம் வந்த பக்கம் திரும்பினான்.

பெருமாள்சாமியின் கண் ரெண்டும் பிதுங்கின. இல்லாத வழக்கம். பஸ்ஸில் முளைத்த வழக்கம். அதிலேயும் வலப்பக்கம்தானே முதலில் வந்தது? ஏன் மூன்று? நாலு ஏன் தோன்றவில்லை? கடைவாயில் சிவப்பாய் ஒரு கோடு இறங்கித் தாடையில் நின்றது.

வேலுத்தாய் அவரைப் பார்த்தாள். வெயிலுகந்தம்மாளைப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போய் எச்சில் படிக்கத்தை எடுத்துவந்து, சபைக்கு நடுவில் குனிந்து, புருஷனின் வாய்க்கு நேராக ரெண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள்.