மாத்திரை போட்டீகளா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதன் தூங்க வேண்டும். நான் மொபைல் ஆப் எழுதப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். வாரம் முழுக்க வீட்டிலிருந்தபடியே வெளியூர்க் கம்பெனிக்கு ஆப் எழுதுகிறவன் நான். தேனி அல்லிநகரத்தில் மாமா வீட்டு மாடி சும்மா கிடந்தது. தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாமே என்று வாயை விட்டேன். ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் ஆண்டிபட்டி அக்கா. தேனியில் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறவர், என்னைவிட மூத்தவர். முதல் நாளே "தம்பி" என்று கூப்பிட்டு என் வாத்தியார் கெத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மற்றவர்கள் வேலை தேட வந்தார்கள். அக்கா ஒரே ஒரு ஆப் எழுத வந்தார்.

அவர் கணவர் தறி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு குழறும், மறதியும் உண்டு. அக்கா காலையில் பஸ் ஏறிவிட்டால் பகல் முழுக்க வீட்டில் அவர் தனி. மதியம் ஒரு மணி மாத்திரையைச் சில நாள் விட்டுவிடுவார். சில நாள் போட்டதை மறந்து இன்னொன்று போடுவார். அப்படி ஒருமுறை தலைசுற்றி விழுந்து நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. போன் அடித்தால் எடுக்க மாட்டார். தன் குழறல் கடையில் யார் காதிலாவது விழுமோ என்று கூச்சம். அதனால் ஒரு மணிக்கு அவர் போனில் கேள்வி வர வேண்டும், அவர் பட்டனை அமுக்கியதும் அக்காவின் போன் மணி அடிக்க வேண்டும். இது சரிப்படாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கப் போவதாக அக்கா சொன்னார்.

நான் கொஞ்சம் முன்கோபி. பாடம் நடத்தும்போது கொஞ்சம் அதிகமாகவே. ஆப்பைப் பயன்படுத்துகிறவரின் பெயரை ஓரிடத்தில் அடிக்கச் சொன்னேன். எல்லோரும் அடித்து முடித்தார்கள், அக்காவின் விரல் மட்டும் நின்றது. பிறகு ஆங்கில எழுத்தில் 'avuka' என்று அடித்தார். அவுக. வாயால் சொல்லாத பெயர் கைக்கும் வரவில்லை. இதெல்லாம் நாளைக்கு நாலு பேர் படிக்கிற புரோகிராம் கோடு அக்கா, ஒழுங்கான பெயர் வையுங்கள் என்றேன். சிரித்தார், மாற்றவில்லை.

கேள்வியையும் அவர் 'மாத்திரை போட்டீகளா?' என்றுதான் எழுதியிருந்தார். அதை நான் விடவில்லை. திரையில் வருவது எழுத்துத் தமிழாக இருக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்து, நானே உட்கார்ந்து திருத்தினேன்: 'தாங்கள் மருந்தை உட்கொண்டுவிட்டீர்களா? உறுதி செய்யவும்.' எழுதியதைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

ஆப் வேலை செய்யவில்லை. இரண்டு வாரம் அக்காவின் போன் ஒருநாள் கூட மணி அடிக்கவில்லை. கடையில் பில் போட்டுக்கொண்டே ஒரு மணியிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒன்றரைக்குப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, கொஞ்சம் எட்டிப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுவாராம். நான் பேட்டரியைக் குறை சொன்னேன், நெட்டைக் குறை சொன்னேன், கடைசியில் கணவரின் போனையே வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். திறந்து பார்த்தால் கேள்வி தினமும் மணி தவறாமல் வந்திருக்கிறது. வந்த கையோடு அதை ஒரு விரல் ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கிறது.

கோடு சரியாக இருக்கிறது அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றேன். சொன்ன தொனியும் நன்றாக இல்லை. அக்கா போனைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனார். இந்த மாதத்தோடு கடையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன் என்று படியிறங்கும்போது சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர்தான் முதலில் வந்தார்.

"அது நான் கேக்குறதுன்னே அவுகளுக்குத் தெரியல, தம்பி. லோன் வேணுமான்னு கேட்டு வருமே, அந்த மாதிரி ஏதோ கம்பெனி மெசேஜுன்னு நெனைச்சுத் தள்ளி விட்டிருக்காக. எங்க வீட்ல யாரு தாங்கள்னு பேசுறா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்து வருடமாக நான் எழுதிய ஆப்களில் எத்தனை பேர் என் தமிழை ஓரமாகத் தள்ளிவிட்டிருப்பார்களோ. பழைய வரியைத் திரும்பப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்தின நாள் ராத்திரியே போட்டுவிட்டிருந்தார்.

அன்றைக்கு ஒரு மணி நெருங்க நெருங்க நான் பாடத்தில் இல்லை. மற்றவர்களும் இல்லை. எல்லோரும் மேசை மேல் இருந்த அக்காவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி ஆனது. ஒன்று மூன்று, ஒன்று நான்கு. தண்ணீர் எடுக்கப் போயிருப்பார் என்று அக்கா யாரும் கேட்காமலே சொன்னார். போன் மணி அடித்தது. திரையில் 'போட்டாச்சு' என்று இருந்தது. அக்கா அதை எடுக்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. கடை வேலையும் நின்றது. நின்றது என்றால் நிலைத்தது.

மூன்று வாரம் கழித்து, வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அக்கா தயங்கி நின்றார். ஏதாவது பிழையா என்று கேட்டேன்.

"பிழை இல்ல தம்பி. அவுக இன்னொரு பட்டன் கேக்குறாக."

மாத்திரை இல்லை, நாளைக்குப் போடுகிறேன், இப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்து, என்ன பட்டன் என்றேன். அக்கா பையிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். அதன் பின்பக்கத்தில், பழக்கமில்லாத இடது கையால் எழுதிய பெரிய பெரிய எழுத்துகள் கோணலாக ஏறி இறங்கின.

'நீ சாப்டியா.'

இருவரும் உட்கார்ந்து அந்தப் பட்டனைச் சேர்த்தோம். எழுத்தை நான் திருத்தவில்லை.