மலையில் பெயர் சொல்லக் கூடாது

பெரியம்மா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு நாய்ச்சங்கிலி தொங்குகிறது. கொக்கி துருப்பிடித்துவிட்டது. புதிது வாங்கித் தருகிறேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன், அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பாவைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தபோது அவர் கையில் இருந்த சங்கிலி அது. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பெரியப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கம்பெனி மரங்களை அழித்து வீடுகள் கட்ட ஆரம்பித்தபோது சட்டிபானையோடு நாயையும் ஏற்றிக்கொண்டு ஈப்போ நகரத்துக்கு வந்தார். அதன் பிறகும் நாயில்லாமல் அவர் இருந்ததே இல்லை. கடைசியாக இருந்தவை கிழடாகிப்போன ஜிம்மியும் அடங்காப்பிடாரி டைகரும். எங்கே கூப்பிட்டாலும், "நாய்ங்கள யாரு பாக்குறது?" என்று தட்டிக்கழித்துவிடுவார். அதனாலேயே அவர் மகன், என் அண்ணன், விடுமுறையில் போய்த் தங்க, நாய்களையும் சேர்த்துக்கொள்ளும் வாடகை வீடாகத் தேடிப் பிடித்தார். சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி, காய்கறித் தோட்டங்களைத் தாண்டி, ஒரு செம்மண் பாதையின் முடிவில் இருந்தது அந்தப் பலகை வீடு. அக்கம்பக்கம் கிடையாது. கைப்பேசியில் லைனும் கிடையாது. நிம்மதியாக இருக்கலாம் என்று நாங்கள் அதற்கும் சந்தோஷப்பட்டோம்.

வேனை விட்டு இறங்கியதும் பெரியப்பா காட்டைப் பார்த்தபடி சொன்னார்: "இங்க யாரும் பேரு சொல்லி, மொற சொல்லிக் கத்தாதீங்க. அப்பான்னு கூப்புட்டா எந்த அப்பன் வருவான்னு தெரியாதுலா."

சிரித்தோம். ஆனாலும் கேட்டுக்கொண்டோம். தோட்டத்துக் குடும்பங்களில் ஊறிப்போன வழக்கம் இது. காட்டோரத்தில் விடியுமுன் பால் வெட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் 'ஊ' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் காட்டின் காதில் விழுந்துவிட்டால், அதே பெயரைச் சொல்லி ஏதோ ஒன்று ஆளை உள்ளே அழைத்துப் போய்விடும் என்பார்கள். நாய்க்கு மட்டும் விலக்கு உண்டு. அதை எதுவும் ஏமாற்ற முடியாதாம்.

மறுநாள் காலை பனிமூட்டத்தில் டைகர் எதையோ துரத்திக்கொண்டு சரிவில் இறங்கி ஓடியது. பெரியப்பா சங்கிலியை எடுத்துக்கொண்டு, "டைகர், டைகர்" என்று கூப்பிட்டபடி பின்னால் போனார். காட்டோடு வாழ்ந்த மனிதராயிற்றே என்று நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் டைகர் வேறு பக்கமாக, உடம்பெல்லாம் நனைந்து, தனியாக வந்து நின்றது. பெரியப்பா வரவில்லை.

அண்ணன் உதவி தேடி வேனை எடுத்துக்கொண்டு மலையிறங்கினார். நானும் பெரியம்மாவும் சரிவின் ஓரத்தில் நின்று 'ஊ' என்று கூப்பிட்டோம். அந்த நேரம் பார்த்துத்தான் பனி விலகி, சியாமாங் குரங்குகள் எதிர்மலையில் கத்தத் தொடங்கின. அவற்றின் கூச்சலும் 'ஊ'தான். எங்கள் குரல் எது, குரங்கின் குரல் எது என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. பொறுக்கமாட்டாமல், "பெரி..." என்று வாயெடுத்தேன். பெரியம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினார்.

"வேணாம் பிள்ள. அவுரு சொல்லியிருக்காருல்ல."

புருஷன் பெயரை அவர் வாழ்நாளில் உச்சரித்ததில்லை. அன்று என்னை முறை சொல்லிக்கூடக் கூப்பிட விடவில்லை.

பிற்பகலில்தான் தீயணைப்புப் படையினர் அவரைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், கால் முறிந்து ஓடைத் தண்ணீரில் கிடந்தார். உயிர் இருந்தது. ஈப்போ மருத்துவமனையில் மூச்சிரைக்க இரைக்க எங்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்: "சத்தம் கேட்டுச்சிலா. கொரங்குன்னு நெனச்சிட்டேன். இல்லாட்டி பதில் குடுத்திருப்பேன்." பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "பேரு சொல்லாம இருந்தியே, அதான் நல்லது" என்றார்.

பெரியம்மா தலையை ஆட்டினார். அந்த வாரம் முடிவதற்குள் நெஞ்சில் சளி கட்டிப் பெரியப்பா போய்விட்டார். எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. யார் மீது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெரியம்மா மீது என்று சொல்ல மனம் வரவில்லை. அவர் மீது இல்லை என்றால் அது பொய்.

சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜிம்மி செத்துவிட்டது. டைகருக்கும் முகம் நரைத்துவிட்டது. சாயங்காலம் கதவு திறந்த சமயம் பார்த்து அது பின்பக்கத் திடலுக்கு ஓடிவிட்டது. பெரியம்மா சங்கிலியை எடுத்துக்கொண்டு போய்த் திடலோரத்தில் நின்று, "டைகர், டைகர்" என்று உரக்கக் கூப்பிட்டார். நாய் நின்றது, திரும்பிப் பார்த்தது, ஓடிவந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

பெரியம்மா குனிந்து சங்கிலியை மாட்டவில்லை. அதைக் கையில் பிடித்தபடி, ஆளில்லாத திடலைப் பார்த்து இன்னொரு முறை உரக்கக் கூப்பிட்டார். இந்த முறை பெரியப்பாவின் பெயரை.