வைக்கோல் இல்லாத மூட்டம்

மூன்று வருடம் முன்பு, தை மாதம் நடந்தது. கீழ்வேளூர் பக்கம் எங்கள் ஊர். மயானத்தில் பிணம் எரிப்பது என் வேலை. அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்க்கிறேன்.

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து ஊர்த் தெருவில் ஒரு லாரியின் பாரம் மின்கம்பியில் உரசிப் பற்றிக்கொண்டது. இரண்டு பக்கமும் கூரை வீடுகள். தீயணைப்பு வண்டி வந்தது. வீடுகள் பிழைத்தன. எரிகிற கட்டுகளை இழுத்துத் தள்ளிய வீரர் மேல் பாரம் சரிந்துவிட்டது. அவர் எங்கள் ஊர்க்காரர். முப்பது சொச்சம் வயது. வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் ஊரில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் பிற்பகல் அவர் உடலைக் கொண்டுவந்தார்கள். கூட வேலை பார்த்த நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

எங்கள் பக்கம் உடல் மேல் வரட்டி அடுக்கி, வைக்கோலால் மூடி, சேறு பூசுவோம். அதுதான் மூட்டம். சூடு உள்ளேயே நிற்கும். வைக்கோல் இல்லாவிட்டால் சேறு உள்ளே இறங்கித் தீ அவிந்துவிடும். பாதி எரிந்து கிடந்தால் அந்தக் குடும்பம் தாங்காது.

வைக்கோலை அள்ளினேன். இறந்தவரின் மச்சினன் வந்து என் கையைப் பிடித்தார்.

“அக்கா சொல்லி அனுப்பிச்சாங்க. மாமா மேல வைக்கோல் மட்டும் போட வேணாமாம்.”

அள்ளியதைக் கீழே போட்டேன்.

உறவில் ஒரு பெரியவர் சத்தம் போட்டார். “இது என்னய்யா புதுப் பழக்கம்? வைக்கோல் இல்லாம மூட்டம் எப்படி நிக்கும்? பாதியில அவிஞ்சா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேங்க” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வழி தெரியவில்லை. தீயணைப்பு ஆட்களில் ஒருவர், “ஈரச் சாக்கு போட்டு மூடலாமாண்ணே?” என்றார்.

“அது உங்க வேலைக்குத் தம்பி. இங்க எரியணும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடி அழுதார்.

ஓரத்தில் நான் மண்வெட்டி வைக்கிற கொட்டகை இருந்தது. கீற்றுக் கூரை. அதைக் காட்டினேன். குடிசை தீப்பிடித்தால் பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போடுவது அவர்களுக்குப் பழகிய வேலை. ஒரு பீடி பற்றவைப்பதற்குள் மொத்தக் கூரையும் கீழே கிடந்தது. காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு சேறும் மிதித்துக் கொடுத்தார்கள். கீற்றைப் போர்த்தி, சேற்றைக் கெட்டியாகப் பூசினேன். இறந்தவரின் அண்ணன் கொள்ளி வைத்தார்.

கீற்று சீக்கிரம் எரிந்துவிடும். அதற்குள் சேறு காய்ந்து ஓடு மாதிரி ஆகவேண்டும். எனக்கு அந்தப் பயம்தான். வீட்டுக்குப் போகவில்லை. விரிசல் விட்ட இடத்தில் எல்லாம் சேறு அப்பிக்கொண்டே இருந்தேன்.

விடிந்து பால் ஊற்ற வந்தார்கள். சுத்தமாக எரிந்திருந்தது. பெரியவர் சாம்பலைப் பார்த்தார். மச்சினன், “அக்காகிட்ட சொல்லிடறேங்க” என்றார்.

காரியம் முடிந்த பிறகு அந்த நாலு பேரும் புதுக் கீற்று கொண்டுவந்து கொட்டகையை வேய்ந்து கொடுத்தார்கள்.

அதற்கு முன்னால் எத்தனையோ பேரை எரித்திருக்கிறேன். எவரையும் எதுவும் கேட்டதில்லை. முறை இருக்கிறது, அதன்படி செய்வேன். இப்போது வைக்கோலை அள்ளியதும் வீட்டு ஆட்களைப் பார்த்து “போடலாமா?” என்று கேட்கிறேன். எல்லோரும் “போடுங்க” என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் கேட்காமல் போடுவதில்லை.