மணமகள் கேட்ட மேளம்

மனைவி இறந்த நான்காம் மாதம் மகளின் திருமணம் நடந்தது. ஆண்டு திரும்புமுன் மங்கல காரியம் கூடாதென்று மாப்பிள்ளையின் தாய் முதலில் மறுத்தார்; பிறகு அரைமனதோடுதான் இசைந்தார். ஒரு குறையும் நேராமல் அந்த நாள் கழிய வேண்டும் என்பதே என் கவலையாக இருந்தது.

நுவரெலியாவில் ஒரு விடுதி மண்டபத்தில் இரவு வரவேற்பு. உணவு முடியும் தறுவாயில், கொழும்பிலிருந்து வந்திருந்த டிஜே இளைஞர் தொடங்கினார். சிங்கள பைலாப் பாட்டிலிருந்து குத்துப்பாட்டு, அதிலிருந்து நாதஸ்வரம், அனைத்துக்கும் அடியில் நெஞ்சை இடிக்கும் மின்னணுத் தாளம். எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று பிரித்தறிய இயலவில்லை.

"என்னா மச்சான், காலேஜ்ல படிப்பிச்சவங்களுக்கு இடுப்பு வளையாதா?" என்று என் மனைவியின் தம்பி ஆடியபடியே என் கையைப் பிடித்து இழுத்தார்.

அப்போது மற்ற ஒலிகள் ஒவ்வொன்றாக விலகின. தப்பு மேளம் மட்டும் எஞ்சியது. மைத்துனரின் பிடி தளர்ந்தது. டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்தில் என் மனைவியின் பாடைக்கு முன்னால் இவரும் மற்ற ஆண்களும் ஆடிச் சென்ற அதே அடி, ஒலிபெருக்கிகளில் பன்மடங்காகப் பெருகி வந்தது. திருவிழாவுக்கு அடிப்பது வேறு, இது வேறு என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் கொழும்பு நண்பர்கள் கைதட்டி ஆடினார்கள்.

மாப்பிள்ளையின் தாய் தட்டைக் கீழே வைத்தார். "சம்பந்தி, கல்யாணத்துல சாவுக்கு அடிக்கிறத போட்டிருக்காங்க. நிப்பாட்டச் சொல்லுங்க."

யாரோ அறியாமல் செய்த பிழை என்றே எண்ணி மேடைக்கு விரைந்தேன். பட்டுச்சேலையோடு மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"நான்தாம்ப்பா போடச் சொன்னேன். என் போன்ல எடுத்தது. அன்னைக்கு மாமாவெல்லாம் ஆடிக்கிட்டே அம்மாவ கொண்டு போனாங்க. பொம்பளப்புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு என்னைய வாசல்லயே புடிச்சு வச்சிட்டாங்க. நான் எப்பப்பா ஆடுறது?"

அவள் திரும்பிச் சென்று ஆடத் தொடங்கினாள். மணப்பெண்ணின் ஆட்டமல்ல அது. குனிந்து, கால்களைத் தரையில் ஓங்கி ஊன்றி, அன்று ஆண்கள் ஆடியவாறே ஆடினாள்.

"அங்கிள், மாத்தவா?" என்று டிஜே கேட்டார். மாப்பிள்ளையின் தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியட்டும்" என்றேன்.

அந்த அம்மா வெளியேறிவிடவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, மேளம் ஓயும்வரை எங்களுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்தார். என் மகளிடம் நன்றாகவே பழகுகிறார். என்னிடம் இன்றுவரை பேசுவதில்லை.